லிட்டருக்கு இருபது

பத்தொன்பது புள்ளி மூன்று. விருதுநகரைத் தாண்டும்போதும் அதுதான் இருந்தது, இப்போதும் அதேதான். சிவதாணு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிர்ந்த சின்னச் சதுரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினார். லிட்டருக்குப் பத்தொன்பது புள்ளி மூன்று. மதுரை பைபாஸில் டேங்கை நிரப்பிவிட்டு எண்ணைப் பூஜ்யமாக்கியது வெறும் பழக்கத்தில்தான். பெட்ரோல் போட்டால் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். திருமங்கலம் டோல்கேட்டில் தடுப்புக் கம்பி மேலே எழும்பி அடுத்த வண்டிக்காக இறங்கியது, அவர் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போனார், அந்த நேரத்தில்தான் அது வந்தது. நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பின்சீட்டிலிருந்து யாரோ சாய்ந்து காதோடு சொன்ன மாதிரி இருந்தது. கோவில்பட்டி வருவதற்குள் இது இருபதைத் தொட்டுவிட்டால் பகவதிக்கு ஒன்றும் இருக்காது. அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போய்விட்டது. கிறுக்குத்தனம் என்று அவருக்குத் தெரியும். அம்பத்தூரில் பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்களுக்கு நடுவே ஷிப்ட் பார்த்துத் தலை நரைத்தவர், எந்த எந்திரத்துக்கும் எந்த மனுஷருக்கும் நடுவே இப்படிக் கம்பி எதுவும் ஓடவில்லை என்று தெரியாதவரா. ஆனால் ஒன்றைச் சொல்லக் கேட்டுவிட்டால் கேட்காத மாதிரி இருக்க முடிகிறதா. தள்ளிவிட்டால் தள்ளிவிட்டதற்கே ஏதாவது ஆகிவிட்டால். அதனால் காலை ஆக்ஸிலேட்டரில் மெத்தென்று வைத்துக்கொண்டார். எழுபத்தைந்து. எண்பதுக்கு மேல் வேண்டாம். பக்கத்து சீட்டில் அவர் மனைவி பகவதி கதவுப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துப்பட்டாவைப் போட்டிருந்தாள், சேலைக்கு மேலே துப்பட்டா, இதுவரை அப்படிப் போட்டதே கிடையாது. டேஷ்போர்டில் ஒட்டிய பிடியில் அவருடைய போன் கறுப்பாக நின்றது. அது அடிப்பதற்காகத்தான் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவோம் என்றுதான் சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீங்க ஊருக்குக் கிளம்புங்க சார், ரிசல்ட் வந்ததும் போன்லயே சொல்லிடுறோம், நேர்ல வந்து உக்காந்திருக்கணும்னு ஒண்ணுமில்ல. அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். சாதாரணமாகச் சொல்லப் பழகிய குரல் அது. நல்லதையும் அப்படியே சொல்லும், மற்றதையும் அப்படியே சொல்லும். பத்தொன்பது புள்ளி நான்கு. ஏறியிருக்கிறது. அவள் கழுத்தில் இருந்ததை அவர் விரல்தான் முதலில் தொட்டது, அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார், நினைத்துவிட்டார். அன்று யாரோ வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் முதுகைக் காட்டி நின்றாள், அவர் சங்கிலிக் கொக்கியை மாட்டினார், மாட்டி முடித்துச் சங்கிலியை முன்பக்கம் சரிசெய்ய விரலை ஓட்டியபோது தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை, பச்சைப் பட்டாணி மாதிரி, தோலுக்கு அடியில் நழுவியது. இதென்னது என்று கேட்டார். எது என்றாள் அவள். கண்ணாடியில் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, எச்சில் விழுங்கினால் மட்டும் தெரிந்தது. விழுங்கும்போது அது மேலே ஏறி இறங்கியது. அன்றிலிருந்து அவள் விழுங்கும் போதெல்லாம் அவர் கண் அங்கே போகிறது. அவளுக்கும் அது தெரியும். சாப்பிடும்போது அவரைப் பார்க்காமல் திரும்பி உட்கார ஆரம்பித்தாள், பிறகு சாப்பாடே குறைந்துவிட்டது, காலையில் திருச்சிக்குப் பக்கத்தில் வாங்கிய இட்லியில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பசிக்கலை என்றாள். மதுரையிலும் பசிக்கலைதான். பிடித்துத் தள்ளுகிறதே இந்தக் காற்று. மேற்கே வெறும் கரிசல், சீமைக் கருவேலம், தடுக்க ஒரு மரமில்லை. தென்மேற்கிலிருந்து வந்து வண்டியின் நெற்றியில் மோதியது. மேலே கேரியரில் கட்டியிருந்த ஊஞ்சல் பலகைக்குக் கீழே புகுந்து ம்ம்ம் என்று முனகியது. பூதப்பாண்டியில் அவள் தம்பி மாதேவன் கட்டிய வீட்டுக்கு நாளை மறுநாள் பால்காய்ப்பு. தேக்குப் பலகைதான் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது இவள்தான், அதெல்லாம் இந்தப் பட்டாணி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னால். மாதேவனுக்கு ஒன்றும் தெரியாது. விசேஷம் முடியட்டும் என்றாள். பலகையை லாரி பார்சலில் போட்டிருக்கலாம், மேலே பாரம் இருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டராவது குறையும், அது தெரிந்துதான் கட்டினார், அப்போது இந்தப் பந்தயம் இல்லையே. இப்போது அவள் கொடுக்க ஆசைப்பட்ட பலகையே அவளுக்கு எதிராகக் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சே, இப்படியா நினைப்பது. பத்தொன்பது புள்ளி மூன்று.

கார் வாங்கியவனைப் பார்த்து யாரும் நல்லா இருக்கா என்று கேட்பதில்லை, என்ன குடுக்குது என்றுதான் கேட்பார்கள். கம்பெனி கேன்டீனில் அப்படித்தான் கேட்டார்கள். பாலகிருஷ்ணன் என்று ஒருவர், ஸ்டோர்ஸில் இருந்தார், என் வண்டி இருபத்திநாலு குடுக்குது என்று டீயை ஊதிக்கொண்டே சொல்லுவார். எல்லோருக்கும் தெரியும் பொய் என்று, இருந்தாலும் அந்த இருபத்திநாலு எல்லோர் வயிற்றிலும் கொஞ்சம் எரியும். சிவதாணு பொய் சொல்லமாட்டார். டவுனுக்குள்ளே பதினாலு, ஹைவேயில் பத்தொன்பது, நிதானமாகப் போனால் இருபது. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், முன்னால் போகிறவன் பிரேக் விளக்கைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிட வேண்டும், பிரேக்கை மிதிப்பது என்றால் எரித்த பெட்ரோலை ரோட்டில் ஊற்றுவது, இறக்கத்தில் நியூட்ரலில் போடுவது பழைய காலத்து மூளை, கியரிலேயே விட்டால்தான் எஞ்சின் ஒரு சொட்டும் குடிக்காமல் உருளும். இதெல்லாம் பகவதிக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் மகாபலிபுரம் போனார்கள், கோவளத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அவர் அவளை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தரையோடு ஒருபக்கமாகச் சாய்த்தார், டேங்கின் ஓரத்தில் தேங்கியிருந்தது இந்தப் பக்கம் ஓடிவரட்டும் என்று. வண்டிக்கு மயக்கமா என்று கேட்டாள். நிமிர்த்தி உதைத்ததும் அது கிளம்பிவிட்டது. பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், அவள் சிரிப்பது காதுக்கு வருவதற்கு முன்னால் முதுகெலும்புக்கு வந்தது. அந்தத் தொண்டைதான். அதே தொண்டைக்குள்தான். வேண்டாம். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது, உயரமாகப் பஞ்சுப் பொதி ஏற்றித் தார்ப்பாய் கட்டியது, அறுபத்தைந்தில் நிதானமாக. அதன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் பலகையின் முனகல் சட்டென்று நின்றது. காற்றே இல்லை. லாரி காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு இவருக்கு ஒரு நிழல் கொடுத்தது. காலை இன்னும் தளர்த்தினார், வண்டி இழுபட்டுப் போகிற மாதிரி போனது. புள்ளி ஐந்து. புள்ளி ஆறு. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் இன்னும் நல்லது. தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சுகள் தெரிந்தன, சேறு தடுக்கும் ரப்பரில் எழுதியிருந்த பேர் தெரிந்தது. புள்ளி ஏழு. யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லாத மனசு அந்த லாரியைக் கும்பிட்டது, இப்படியே போ, வேகமாகப் போகாதே, டீ குடிக்க நிற்காதே, கோவில்பட்டி வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. "என்னத்துக்கு இவ்வளவு பக்கத்துல போறீங்க?" என்றாள் பகவதி, கண்ணைத் திறக்காமலே. அவர் பதில் சொல்வதற்குள் லாரியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. சாத்தூருக்கு முன்னால் எங்கேயோ, ஆட்டு மந்தை ஒன்று நடுத்திட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு காலையும் அழுத்தினார். வண்டி அலறிக்கொண்டு நின்றது, லாரியின் பின்பக்க இரும்புக்கும் இவர் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துபோகும் இடம் இருந்திருக்கலாம். பகவதியின் கை டேஷ்போர்டில் ஊன்றியிருந்தது. அவரைப் பார்த்தாள். ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் போயின. ரிசல்ட் எதுவாக இருந்தால் என்ன, நானே கொன்றிருப்பேன் என்று நினைத்தார். லாரி கிளம்பிப் போய்விட்டது, அவர் அதன் பின்னால் போகவில்லை.

காற்று திரும்பி வந்தது. இனி ஒரே வழிதான் இருந்தது, அதையும் செய்தார், ஏசியை அணைத்தார். செய்யும்போது அவளைப் பார்க்கவில்லை. ஆவணி வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து உட்கார்ந்தது. ஜன்னலை இறக்கக் கூடாது, இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும், அணைத்த லாபம் அதில் போய்விடும். எஞ்சின் சத்தம் இலேசானது. ஒரு சுமையை இறக்கிவைத்த மாதிரி வண்டி முன்னால் வழுக்கியது. புள்ளி ஏழு. சாத்தூர்ப் பாலம் ஏறும்போது இறங்கிவிடுமோ என்று மூச்சைப் பிடித்தார், இறங்கவில்லை. பாலத்தின் சரிவில் காலை முழுசாக எடுத்துவிட்டார். புள்ளி எட்டு. வைப்பாற்றில் மணல்தான் கிடந்தது. ஒருவேளை அங்கே லேபில் இப்போதே யாரோ ஊசியில் எடுத்ததைத் தடவிய கண்ணாடித் தகட்டைப் பார்த்து முடித்திருப்பார்கள், எழுதிக்கூட வைத்திருப்பார்கள், எழுதியது எழுதியதுதான், இங்கே இருபது வந்தால் அங்கே எழுத்து மாறிவிடுமா. மாறாது. அப்படியானால் ஏன் இந்தப் பாடு. ஏனென்றால் இதுவாவது என் காலுக்குக் கட்டுப்படுகிறது. அந்த வாக்கியம் தலைக்குள் தெளிவாகவே ஓடியது, அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது, ஆனால் தெளிவு வந்ததால் கால் மாறிவிடவில்லை. புள்ளி ஒன்பது. கோவில்பட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் என்று பச்சைப் பலகை காட்டியது. புள்ளி ஒன்பது. இருபதுக்கு இன்னும் ஒரு இழைதான். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைத்துக்கொண்டு இடது பக்கம் பார்த்தார். பகவதி துப்பட்டாவைக் கழற்றியிருந்தாள். அதை மடித்து மடியில் வைத்திருந்தாள். முகம் சிவந்து, காதோரத்து முடி கன்னத்தில் ஒட்டி, சேலைத் தலைப்பால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய சின்ன பிளாஸ்திரி வேர்வையில் நனைந்து ஒரு ஓரம் சுருண்டு எழும்பியிருந்தது. அவள் ஏசியைப் போடச் சொல்லவில்லை. ஜன்னலை இறக்கவில்லை. மைலேஜுக்குத்தான் அணைத்திருக்கிறார் என்று தெரியும், எத்தனை பயணம் பார்த்திருக்கிறாள், அதனால் பேசாமல் வேர்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சுருண்ட ஓரத்தைப் பார்த்தார். கை நீண்டு பொத்தானைத் தொட்டது, தொட்டபடியே நின்றது. இன்னும் இரண்டு கிலோமீட்டர். அவள் தாங்கிக்கொள்வாள். அவளுக்காகத்தானே. இரண்டே கிலோமீட்டர், அப்புறம் நாள் முழுக்க ஓடட்டும். அவளுக்காக அவளை வேக வைக்கிறேன் என்று நினைத்தார், பொத்தானை அழுத்தினார். எஞ்சின் ஒருமுறை கனைத்துச் சுமையை மறுபடி எடுத்துக்கொண்டது. முதலில் சூடாகவும் பிறகு குளிர்ந்தும் காற்று வந்தது, அவள் முகத்தை அதன் முன்னால் நீட்டிக் கண்ணை மூடினாள். சின்னச் சதுரத்தில் புள்ளி எட்டு வந்தது.

"இருபது வந்துட்டா ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்றும் ஒன்று உள்ளே இருந்தது, அதையும் மீறிச் சொன்னார்.

"என்ன இருபது?"

"மைலேஜு."

பகவதி எட்டி அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். "அதுக்குத்தானா லாரி பின்னால போனீங்க" என்றாள்.

"ம்."

"நான் தூங்கலை, கேட்டீங்களா. காலையில இருந்தே தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டு நீங்க கியர் மாத்துற சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு வாறேன். அது ஒழுங்கா விழுந்துக்கிட்டு இருந்தா பயம் கொஞ்சம் தள்ளியே நிக்கி." பிளாஸ்திரியின் எழும்பிய ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள். "இனிமே அதைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க, போதும்."

கோவில்பட்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. மேம்பாலம், கடலைமிட்டாய்க் கடைகளின் போர்டு, மறுபடியும் கரிசல். அவள் சொன்னதற்காகச் சதுரத்தைப் பார்க்காமல் ஓட்டினார், பார்க்காமல் ஓட்டுவது முதலில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி இருந்தது. பாலகிருஷ்ணன் சம்சாரத்துக்கும் இப்படித்தான் கழுத்தில் என்று யாரோ சொன்னார்களே, அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று, அவர் வேலையை விட்டுப் போன பிறகு யாருமே கேட்கவில்லை, இருபத்திநாலு குடுக்குது என்று சொல்ல அவர் ஒரு நாளும் வரவில்லை. அதை எதற்கு இப்போது. தூரத்தில் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தன, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, வெள்ளையாக, இந்தக் காற்றைத் தின்றுகொண்டு நிதானமாகச் சுற்றின. அப்போது போன் அடித்தது. சென்னை நம்பர். அவர் வண்டியை இடதுபக்க மண்ணில் இறக்கி நிறுத்தினார், கையை நீட்டினார், கை போனை எடுக்கவில்லை. பகவதிதான் எடுத்தாள், எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பகவதி அம்மா வீடுங்களா?"

"நான்தான் பேசுதேன்."

"ரிப்போர்ட் வந்திருச்சும்மா. டாக்டர் உங்ககிட்ட பேசணும்னாங்க. லைன்ல இருங்க."

அதே சாதாரணக் குரல். லைனில் ஏதோ ஒரு வீணைத் துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. ஒன்றுமில்லை என்றால் அந்தப் பெண்ணே சொல்லியிருப்பாள், டாக்டர் எதற்கு, டாக்டர் பேச வேண்டும் என்றால். பகவதியின் இடது கை அவர் முழங்காலில் இருந்தது, எப்போது வந்தது என்று தெரியவில்லை. அதன் கனம் மட்டும் தெரிந்தது. லாரி ஒன்று கடந்து போனது, கார் மெதுவாக ஆடி நின்றது. வீணை நின்றது.

"பகவதி, நல்லா இருக்கீங்களா? ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?" டாக்டரம்மா ஏதோ மென்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. "கவலைப்பட ஒண்ணுமில்ல. சாதாரணக் கட்டிதான், தைராய்டுல நிறையப் பேருக்கு இப்படி வரும். நானே சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன், அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டீங்கல்ல. மாத்திரைகூட வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்."

"வேற ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, உங்களைவிட அவர்தான் வெளிறிப்போய் நின்னாரு."

சரி டாக்டர், சரி டாக்டர் என்று பகவதி சொல்லிக்கொண்டே இருந்தாள், லைன் போன பிறகும் ஒரு தடவை சொன்னாள். சிவதாணு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் மைல்கல்லின் மஞ்சள் தலையில் உட்கார்ந்து காற்றுக்கு எதிராகச் சமாளித்துக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தார், கொட்டாவிதான் வந்தது, பெரிய கொட்டாவி, ஒன்றன் பின் ஒன்றாக, தாடை வலிக்கும் வரைக்கும், கண்ணில் தண்ணீர் அதனால்தான் வந்திருக்க வேண்டும். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றிருக்கின்றன, அவை இறங்கும்போதுதான் இத்தனை நாள் ஏறி நின்றது தெரிந்தது. சாதாரணக் கட்டி. சாதாரணம் என்ற சொல் இவ்வளவு பெரிய சொல்லா. பகவதி வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள், முதுகு குலுங்கியது, அவர் அந்த முதுகில் கையை வைத்தார், இப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை கண் தற்செயலாகச் சதுரத்தின் மேல் போய் வந்தது, பத்தொன்பது புள்ளி ஒன்றோ இரண்டோ, ஏதோ ஒரு எண். அது எதையும் சொல்லவில்லை. பாவம், அது எப்போதும் எதையும் சொன்னதில்லை.

பகவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு மாதேவனுக்குப் போன் போட்டாள். "என்னக்கா, எங்க வந்துட்டீங்க?" என்று அவன் கேட்டான், பின்னால் யாரோ டைல்ஸ் அறுக்கும் சத்தம் கேட்டது. "கயத்தாறு பக்கத்துல. வந்துருவோம். அத்தான் மெதுவா ஓட்டிக்கிட்டு வாறாங்க" என்றாள். தொண்டை அடைத்த குரலைக் கேட்டு அவன் சளியா என்று விசாரித்தான், ஏசிக் காத்து என்றாள். பிறகு சொன்னாள், "டேய், எனக்கு நல்லா பசிக்கு."

சிவதாணு கியரைப் போட்டார். பூதப்பாண்டி வரைக்கும் காத்திருக்க அவருக்கு மனமில்லை. வண்டியை ரோட்டில் ஏற்றி, காலை நன்றாக அழுத்தி, வேகமாக நான்கைந்து லாரிகளைத் தாண்டி, கயத்தாற்றில் கண்ணில் பட்ட முதல் ஓட்டலில் திருப்பினார். மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்திருக்கு, பரவாயில்லையா என்று பரிமாறுகிறவர் முன்கூட்டியே கேட்டார். பரவால்லை போடுங்க என்றாள் பகவதி. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோற்றைக் குழித்து, சாம்பாரை வாங்கி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தாள். அவருக்கு நேர் எதிரே, முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். முதல் உருண்டையை வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். அவர் பார்த்தார். கழுத்தில் அது மேலே ஏறி இறங்கியது. இரண்டாவது உருண்டைக்கும் ஏறி இறங்கியது. மூன்றாவதுக்கு அவர் பார்க்க மறந்து தன் இலையில் உப்பைத் தேடிக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் சோறு வைங்க என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.